மாத்திரைக்குள் அடங்காத உயிர்கள்

தமிழில் உயிரெழுத்துகள் 12. அவற்றுள் ஐந்து குறில்; ஐகார ஔகாரங்களையும் சேர்த்து ஏழு நெடில். ஆங்கிலத்தில் உயிரெழுத்துகள் ஐந்துதான் என்று தொடக்கப்பள்ளியிலேயே மனப்பாடம் செய்விக்கப்பட்டாலும், தென் இங்கிலாந்தின் படித்தோர் வழக்கை அளவுகோலாகக் கொள்ளும் ஒலிப்பு நூல்கள் அம்மொழியின் உயிரொலிகளை 20 என்று கணக்கிடுகின்றன: நாக்கும் இதழும் ஒரே நிலையில் நின்று பிறப்பிக்கும் தனியுயிர்கள் 12, ஒரு நிலையில் தொடங்கி மற்றொரு நிலையை நோக்கி நகர்ந்துகொண்டே ஒலிக்கும் கூட்டுயிர்கள் எட்டு. பன்னிரண்டுக்குப் பழகிய காது இருபதைப் பிரித்தறியத் திணறுவது இயல்புதான் என்று எண்ணிக்கையைக் காட்டி விளக்குவது எளிது. ஆனால் அந்த விளக்கம் பாதி உண்மையே. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஆங்கில உயிரொலிகளைக் கற்பிக்கும்போது எழும் சிக்கல் பெரும்பாலும், தமிழ்க் காது உயிர்களை எந்த அளவுகோலால் அளக்கிறது என்பதிலிருந்தே பிறக்கிறது.

அந்த அளவுகோல் மாத்திரை. தொல்காப்பியத்தின் பிறப்பியல் உயிர்களை வாயின் வடிவத்தை வைத்து மூன்று கூட்டங்களாகப் பிரிக்கிறது: அங்காத்தலால் பிறக்கும் அ, ஆ, அதனோடு நாக்கின் விளிம்பு மேற்பல்லைச் சார்வதால் பிறக்கும் இ, ஈ, எ, ஏ, ஐ, இதழ் குவிவதால் பிறக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ. இந்த வகுப்பில் ஒவ்வொரு குறிலும் தன் நெடிலோடு ஒரே இடத்தில் பிறக்கிறது. இரண்டையும் பிரிப்பது ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்னும் கால அளவு மட்டுமே. ‘படம்’, ‘பாடம்’ என்ற சொற்களையும், ‘விடு’, ‘வீடு’ என்ற சொற்களையும் குழந்தை வேறுபடுத்திக்கொள்வது இந்தக் கால அளவைக் கொண்டுதான். ஆகவே உயிரொலியின் நீளத்தைக் கேட்பதில் தமிழ் மாணவருக்குள்ள தேர்ச்சி, குறில் நெடில் வேறுபாடே இல்லாத ஸ்பானியம் போன்ற மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கு வாய்க்காத ஒன்று. ஆங்கில வகுப்பில் அவரைத் தடம்புரட்டுவதும் இதே தேர்ச்சிதான்.

கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’, செம்மறியாட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ என்னும் இணையை எடுத்துக்கொண்டால், தமிழ் ஆசிரியரும் மாணவரும் இதனைக் குறில் நெடில் வேறுபாடாகவே கேட்டு, அப்படியே சொல்லி, சிக்கல் தீர்ந்ததாகக் கருதிவிடுவர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் வாயில் இவ்விரண்டும் நீளத்தில் மட்டுமல்லாமல் நாக்கின் நிலையிலும் வேறுபடுகின்றன. குரல்வளையில் எழும் ஒலி, வாய், தொண்டை ஆகிய வெற்றிடங்களின் வடிவத்துக்கேற்பச் சில அதிர்வெண்களில் மட்டும் வலுப்பெறுகிறது. இவ்வாறு வலுப்பெறும் இடங்களை ஒத்ததிர்வு முகடுகள் எனலாம். முதல் முகடு வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும், இரண்டாம் முகடு நாக்கு எவ்வளவு முன்னே நிற்கிறது என்பதையும் ஏறத்தாழக் காட்டும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கோர்டன் பீட்டர்சனும் ஹரால்ட் பார்னியும் 76 பேரை, ஒரே மெய்ச் சட்டத்துக்குள் உயிர் மட்டும் மாறும் பத்துச் சொற்களைச் சொல்லவைத்து அளந்து 1952-இல் வெளியிட்ட அமெரிக்க ஆங்கில அளவுகளின்படி, ஆண்குரலில் ‘ஷீப்’ உயிரின் முகடுகள் சராசரியாக 270, 2290 ஹெர்ட்ஸ்; ‘ஷிப்’ உயிரின் முகடுகள் 390, 1990 ஹெர்ட்ஸ். அதாவது பின்னதில் நாக்கு தாழ்ந்தும் சற்றுப் பின்வாங்கியும் தளர்ந்து கிடக்கிறது. அது குறுகிய ஈகாரம் அன்று, வேறோர் உயிர்.

இதைவிடத் தமிழ்க் காதைக் குழப்புவது, ஆங்கிலத்தில் உயிரின் நீளம் நிலையானதல்ல என்பது. ஒரே உயிர், அடுத்து வரும் மெய் ககர, டகர, பகரங்களின் வல்லொலியாக இருந்தால் குறுகும். அவற்றின் மெல்லிய குரலொலி இணையாக இருந்தால் நீளும். இதனால் ‘அடி’ என்னும் பொருளுள்ள ‘பீட்’ என்ற சொல்லின் ‘நெடில்’ குறுகி, ஏலத்தில் கேட்கும் விலையைக் குறிக்கும் ‘பிட்’ என்ற சொல்லின் ‘குறில்’ நீண்டு, இரண்டும் கால அளவில் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதுண்டு. மாத்திரையை எண்ணிக்கொண்டிருக்கும் காதுக்கு அங்கே பிடிமானம் இல்லை.

காது இப்படி ஓர் அளவுகோலில் உறைந்துபோவது மிக இளமையிலேயே தொடங்குகிறது. பட்ரீஷியா கூலும் அவர் குழுவினரும் 1992-இல் அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் ஆறு மாதக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, அந்த வயதிலேயே குழந்தைகள் தத்தம் மொழியின் உயிர்களைத் தனிவகையாகக் கேட்கத் தொடங்கிவிடுகின்றன என்பதைக் காட்டியது. பின்னர் ஜேம்ஸ் ஃப்ளெகி 1995-இல் முன்வைத்த பேச்சுக் கற்றல் கோட்பாடு, இரண்டாம் மொழியின் ஒலிகளுள் தாய்மொழியில் இணையே இல்லாத ஒலியைவிட, அங்குள்ள ஏதோ ஓர் ஒலியைப் போலவே தோன்றும் ஒலியே நாளடைவில் கற்பவரை அதிகம் ஏமாற்றும் என்று வாதிட்டது. புதியதென்று காது உணர்ந்தால் அதற்கொரு புதிய இடம் ஒதுக்கும். பழையதென்று எண்ணிவிட்டால் பழைய இடத்திலேயே போட்டுவைக்கும்.

எந்த ஒலி எந்த இடத்தில் போடப்படுகிறது என்பதை அறிய, ஆங்கிலப் பாடநூலின் வரிகளுக்கு மேலே பென்சிலால் தமிழில் ஒலிப்பெழுதி வைத்துக்கொள்ளும் மாணவரின் புத்தகத்தைப் புரட்டினால் போதும். வீட்டில் ஆங்கிலம் கேட்டிராத முதல் தலைமுறைப் பிள்ளைகள் வகுப்பில் வாசிக்கச் சொன்னால் தப்பிப்பதற்காகச் செய்துகொள்ளும் இந்த ஏற்பாட்டை ஆசிரியர்கள் கண்டிப்பது வழக்கம். ஒலியியல் நோக்கில் அது கிடைத்தற்கரிய ஆவணம். அதில் தண்ணீர்க் குழாயும் ‘டேப்’; ஒட்டும் நாடாவும் ‘டேப்’. தலைத்தொப்பியும் வெறுப்பும் ஒரே ‘ஹேட்’. பைத்தியத்தையும் ‘செய்த’ என்பதையும் குறிக்கும் இரு சொற்கள் ‘மேட்’ என்று ஒன்றாகின்றன. இதற்கு நேர்மாறான பிழையும் அதே பக்கத்தில் இருக்கும்: செவிலியர் ‘நர்ஸ்’, வேலை ‘வொர்க்’, சிறுமி ‘கேர்ள்’. ஆங்கிலத்தில் இம்மூன்று சொற்களுக்கும் உயிர் ஒன்றே. அந்த உயிருக்குத் தமிழில் எழுத்தில்லாததால், ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து அகரம், ஒகரம், ஏகாரம் என்று அது மூன்றாகச் சிதறியிருக்கிறது.

உயிர்களைப் பெயரிட்டுப் பேச ஜான் வெல்ஸ் 1982-இல் வெளியிட்ட ஆங்கில வழக்குகள் பற்றிய நூலில் ஒரு நல்ல வழியைக் காட்டினார். ஒவ்வோர் உயிரையும் அது வரும் ஒரு சொல்லால் குறிப்பது அந்த வழி. குழாயிலும் தொப்பியிலும் வருவது ‘ட்ராப்’ உயிர். நாடாவில் வருவது ‘ஃபேஸ்’ உயிர். செவிலியரில் வருவது ‘நர்ஸ்’ உயிர். எந்த ஊர் ஆங்கிலத்தில் அந்த உயிர் எப்படி ஒலித்தாலும் பெயர் மாறாது என்பதால், ஒலிப்புக் குறியீடுகள் நிறைந்த அட்டவணையைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டிவைத்துப் பதின்வயதினரை மிரட்டுவதைவிட இது வகுப்பறைக்கு உகந்தது.

இவற்றுள் முதலில் தொட வேண்டியது ‘ட்ராப்’ உயிர். காரணம் கணக்கு சார்ந்தது. இரண்டு ஒலிகளின் வேறுபாட்டை நம்பி ஒரு மொழியில் எத்தனை சொல்லிணைகள் பிழைத்திருக்கின்றன என்பதை அந்த வேறுபாட்டின் செயற்சுமை என்று மொழியியலார் அழைப்பர். ‘ட்ராப்’ உயிருக்கும் அதன் அண்டை உயிர்களுக்கும் இடையிலான வேறுபாடு தாங்கும் சுமை மிகப் பெரிது. தமிழ் மாணவர் படுக்கையைக் குறிக்கும் சொல்லைப் ‘பெட்’ என்றும் மட்டையைக் குறிக்கும் சொல்லைப் ‘பேட்’ என்றும் எகர ஏகாரத்தால் பிரித்துவிடுவதால் தற்காலிகமாகப் பிழைத்துக்கொள்கிறார்; ஆனால் ஏகாரத்தை இங்கே செலவழித்துவிட்டதால் ‘ஃபேஸ்’ உயிருக்கு வேறு ஒலி மிஞ்சுவதில்லை. தீர்வு தாடையில் இருக்கிறது. ‘ஏ’ என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே, நாக்கைப் பின்னுக்கு இழுக்காமல் தாடையை மட்டும் மெல்ல இறக்கினால், ஆகாரத்தை எட்டுவதற்கு முன் ஓரிடத்தில் ‘ட்ராப்’ உயிர் பிறக்கும். மோவாயின் கீழ் ஒரு விரலை வைத்துக்கொண்டால் அந்த இறக்கம் விரலில் தெரியும். பீட்டர்சன்–பார்னி அளவுகளில் ‘பெட்’ உயிரின் முதல் முகடு 530 ஹெர்ட்ஸ், ‘ட்ராப்’ உயிரினது 660 ஹெர்ட்ஸ் என்பது இந்த இறக்கத்தின் கணக்கே.

‘ட்ராப்’ உயிர் தனக்குரிய இடத்துக்கு இறங்கிவிட்டால் ஏகாரம் விடுதலை பெறுகிறது. அதன்பின் நாடாவைக் குறிக்கும் ‘டேப்’ என்ற சொல்லைத் தூய ஏகாரத்தாலேயே சொல்லலாம். ‘ஃபேஸ்’ உயிர் இலண்டனில் எகரத்திலிருந்து இகரத்தை நோக்கி நகரும் கூட்டுயிராக இருப்பது உண்மை. அதே உயிரை நகராத ஏகாரமாகவும், ‘கோட்’ எனப்படும் ஆட்டின் உயிரை நகராத ஓகாரமாகவும் ஒலிப்பது ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்தின் பல பகுதிகளிலும் தாய்மொழியாளரின் இயல்பான வழக்கு என்பதும் உண்மை. எனவே ‘கேக்’ என்பதைக் ‘கெய்க்’ என்று திருத்துவதில் பாடவேளைகளைக் கரைப்பது வீண். இந்திய ஆங்கிலத்தின் ஒலிப்பை ஆராய்ந்த ஆர். கே. பன்சல் முதலியோரும் இவ்விரண்டையும் தனியுயிர்களாகவே பதிவு செய்திருக்கின்றனர்.

‘நர்ஸ்’ உயிரை அப்படி விட்டுவிட முடியாது. உலகெங்கும் பல தாய்மொழியினர் ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில் பேசும்போது எந்தப் பிழைகள் புரிதலை உடைக்கின்றன என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000-இல் வெளியிட்ட நூலில், உயிரின் நீள வேறுபாடு காக்கப்பட வேண்டும், உயிரின் தன்மை ஒரே சீராக இருந்தால் ஊருக்கேற்ப மாறலாம் என்று முடிவு கூறியபோது, தன்மையிலும் விலக்களிக்காமல் நிறுத்திவைத்த ஒரே உயிர் இது. இதில் நாக்கு முன்னும் போகாது, பின்னும் போகாது, மேலும் ஏறாது, கீழும் இறங்காது, இதழ் குவியாது. தமிழ் இலக்கணத்தின் மூன்று கூட்டங்களுள் எதிலும் இது சேராது என்பதால் தமிழ் வாய்க்கே இது அந்நியம் என்ற முடிவுக்கு வருவது அவசரமாகும். நாமடி மெய்களான ட், ண், ள் முதலியவற்றின் முன் வரும் எகரம் பேச்சில் தன் இடத்தை விட்டு வாயின் நடுப்பகுதிக்கு விலகுகிறது. ‘பெண்’ என்று இயல்பாகச் சொல்லும்போது எழும் எகரம் ‘பெயர்’ என்பதில் எழும் எகரம் அன்று. இந்த விலகல் முற்றி இதழும் குவிந்தபோதுதான் வழக்குத் தமிழில் ‘பொண்ணு’, ‘பொட்டி’ என்பவை தோன்றின. ‘பெண்’ என்பதன் உயிரை மட்டும் பிரித்தெடுத்து, இதழைக் குவிக்காமல் இரண்டு மாத்திரைக்கு நீட்டச் சொன்னால், வகுப்பில் பலரும் ‘நர்ஸ்’ உயிரின் வாசலுக்கு வந்துவிடுவர். அதற்குப் பின் வரும் ரகரத்தை ஒலிப்பதா விடுவதா என்பது அமெரிக்காவா இங்கிலாந்தா என்ற விருப்பம் சார்ந்தது. தமிழ் மாணவருக்கு ஒலிப்பதே எளிது.

‘லாட்’ உயிரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மருத்துவரைத் தமிழ்நாடு ‘டாக்டர்’ என்றும் இலங்கை ‘டொக்டர்’ என்றும் எழுதுவதே, அந்த உயிர் ஆகாரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவில் நிற்பதைக் காட்டுகிறது. அமெரிக்காவிலேயே பலர் இதனையும் இதன் அண்டை உயிரையும் ஒன்றாக்கிவிட்டனர். இரண்டில் ஒன்றைச் சீராகப் பின்பற்றினால் போதும்.

இத்தனை குழப்பத்திலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் உதவிக்கு வராததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஏறத்தாழ 15-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலத்தின் நெடில்கள் அனைத்தும் வாய்க்குள் ஒரு படி மேலேறின. ஏற இடமில்லாத ஈகாரமும் ஊகாரமும் உடைந்து கூட்டுயிர்களாயின. இன்றைய ‘டைம்’ முன்பு ஈகாரத்தோடும், ‘ஹவுஸ்’ ஊகாரத்தோடும், ‘நேம்’ ஆகாரத்தோடும் ஒலித்தவை. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவியபோது இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அச்சு எழுத்தை உறையவைத்தது, ஒலி தன் போக்கில் போய்விட்டது. எழுத்தைப் பார்த்து உயிரைக் கற்பிக்கும் வகுப்பு, ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய வாயைக் கற்பிக்கிறது.

கூட்டுயிர்களுக்கு வந்தால், ‘ஐ’யும் ‘ஔ’வும் தமிழிலேயே இருப்பதால் அவை இரண்டும் கற்பிக்காமலே வந்துவிடுகின்றன, ஐகாரத்தை ‘அய்’ என்றும் கொள்ளலாம் என்று தொல்காப்பியமே கூறுவதால், அதைப் பின்பற்றி ‘ஒய்’ என்னும் மூன்றாவதையும் அமைத்துக்கொள்ளலாம். சிக்கல், ஓர் உயிர், அரை உயிர் எனத்தக்க தளர்ந்த நடு உயிரில் சென்று தேய்ந்து முடியும் வகையிலும், நெருப்பு, கோபுரம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் போல மூன்று நிலைகளைக் கடக்கும் மூவுயிர் வகையிலும் வருகிறது. தமிழில் இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நிற்பதில்லை. இடையில் உடம்படுமெய் வந்து இணைக்க வேண்டும். இ, ஈ, ஐ முன் யகரம், ஏனைய உயிர்முன் வகரம் என்ற அந்த விதி, நன்னூலைப் படித்திராத வாயிலும் பிசகாமல் வேலை செய்து, அவற்றை ‘ஃபயர்’, ‘டவர்’ என்றும், ‘அருகில்’ என்பதை ‘நியர்’ என்றும் இரண்டு அசைகளாக்கிவிடுகிறது. இவை கேட்பவருக்குப் புரிந்துவிடுவதால் திருத்த அவசியமில்லை. ஆனால் பிழை ஏன் வருகிறது என்பதைத் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்த விதியைக் கொண்டே மாணவருக்கு விளக்கலாம். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஓய்வறையில் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்தும் இதைப் பேசிக்கொள்ளாதிருப்பது வியப்புக்குரியது.

அரை உயிர் என்று மேலே சுட்டப்பட்டது ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிர். அதற்கென்று ஓர் எழுத்துகூட இல்லை. அழுத்தம் பெறாத அசையில் எந்த உயிரெழுத்து எழுதப்பட்டிருந்தாலும் ஒலி பெரும்பாலும் இந்தத் தளர்ந்த நடு உயிராகத் தேய்ந்துவிடும். வாழைப்பழத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஒரே எழுத்து மூன்று முறை வந்தாலும், நடு அசை மட்டுமே முழு உயிர் பெற்று முதலும் கடைசியும் தேய்கின்றன. தமிழில் சொல்லின் பொருளை மாற்றும் அழுத்தம் இல்லாததால் மாணவர் மூன்று அசைகளையும் சமமாகவே ஒலிப்பார். அவருக்கு உயிர் தேய்வது புதிதன்று: ‘காது’, ‘பாட்டு’ என்பவற்றின் இறுதியில் இதழ் குவியாமல் அரை மாத்திரையாக ஒலிக்கும் குற்றியலுகரம் அவர் நாவில் ஒவ்வொரு நாளும் புழங்குவது. அது நாக்கு உயர்ந்து நிற்கும் ஒலி என்பதால் ஆங்கில அரை உயிரோடு ஒன்றாகாது. இதழின் தளர்ச்சியும் கால அளவின் குறுக்கமும் இரண்டுக்கும் பொது. இருப்பினும் பேச்சில் அரை உயிரை விட்டுவிட்டு முழு உயிர் ஒலிப்பதால் புரிதல் குலைவதில்லை என்று ஜென்கின்ஸ் கருதியதையும் புறக்கணிக்க முடியாது. ஆகவே இதை வாய்க்குக் கற்பிப்பதைவிடக் காதுக்குக் கற்பிப்பதே முதன்மையானது. தேய்ந்த அசைகளை எதிர்பார்க்காத காது, வேகமாகப் பேசப்படும் ஆங்கிலத்தில் பாதிச் சொற்களைத் தவறவிடும்.

காதைப் பயிற்றுவது பதின்வயதில் இயலுமா என்ற ஐயத்துக்கு ஆய்வகங்கள் நம்பிக்கையான விடையே தந்திருக்கின்றன. இந்தியானா பல்கலைக்கழகத்தில் லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் 1990-களின் தொடக்கத்தில், ஆங்கிலத்தின் ரகர லகர வேறுபாட்டைக் கேட்க இயலாத ஜப்பானியப் பெரியவர்களுக்குப் பல குரல்களில் பல சொற்களைக் கேட்பித்து, ஒவ்வொரு விடைக்கும் உடனுக்குடன் சரி, தவறு என்று காட்டிப் பயிற்சியளித்தபோது, அவர்களுடைய காது மேம்பட்டது. ஒரே குரலில் பயின்றவர்க்கோ அந்தத் தேர்ச்சி புதிய குரலைக் கேட்டதும் கைகொடுக்கவில்லை. ஆன் பிராட்லோவும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் இதே முறையில் காதை மட்டும் பயிற்றியபோது, சொல்லித்தராமலே ஒலிப்பும் திருந்தியதைக் கண்டனர். உயிர்களைக் கொண்டு பால் ஐவர்சனும் ப்ரொன்வென் எவன்ஸும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து உயிர்களே உள்ள ஸ்பானியம் பேசுவோரைவிட, மிகுதியான உயிர்களைக் கொண்ட ஜெர்மன் பேசுவோர் அதே பயிற்சியில் கூடுதலாக முன்னேறினர். உயிர் வளம் உள்ள தாய்மொழி புதிய உயிர்களுக்குத் தடையாகும் என்ற பொதுவான அச்சத்துக்கு இது மாறானது.

வகுப்பறையில் இதனைச் செயல்படுத்தப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. ஆசிரியர் தம் குரலோடு வேறு நான்கைந்து பேரின் குரல்களையும், ஆண், பெண், சிறுவர் என்று கலந்து, கைப்பேசியில் பதிந்துகொள்ள வேண்டும்; குழாயா நாடாவா, தொப்பியா வெறுப்பா என்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டு மாணவர் ஒரு விரலோ இரண்டு விரலோ காட்ட வேண்டும்; காட்டியவுடன் விடை சொல்லப்பட வேண்டும். கரும்பலகையில் சொல் அல்ல, குழாயின் படமும் நாடாவின் படமும் இருக்க வேண்டும். எழுத்தைக் கண்டால் கண் முந்திக்கொண்டு காதை ஓய்வெடுக்கச் சொல்லிவிடும். ஒரு பாடவேளையில் ஒரே இணை, பத்து நிமிடம், பிறகு பாடம் என்ற அளவில் நாள்தோறும் நடப்பது, ஆண்டுக்கொரு முறை நடக்கும் ஒலிப்புப் பயிலரங்கைவிடப் பயன் தரும். பெரும்பாலோர் சரியாகக் கேட்கத் தொடங்கிய பிறகே வாயைத் திறக்கச் சொல்வது நல்லது. பதினான்கு வயதில் வகுப்பு முன்னிலையில் தவறாக ஒலித்து நகைக்கப்பட்டவர் மறுமுறை வாய் திறக்கத் தயங்குவார்.

ஆசிரியர் தம் சொந்த ‘ட்ராப்’ உயிர் சரியாக இறங்குகிறதா என்று ஐயுற்றால், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போயர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கி இலவசமாக வழங்கும் ‘ப்ராட்’ என்னும் மென்பொருளில் தம் குரலைப் பதிந்து முகடுகளை அளந்துகொள்ளலாம். அங்கே 660 என்ற எண்ணை எட்ட வேண்டும் என்பதில்லை. குரல்வழியின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால் எண்களும் மாறும். அவருடைய எகரத்துக்கும் ‘ட்ராப்’ உயிருக்கும் ஆகாரத்துக்கும் இடையில் தெளிவான இடைவெளி விழுகிறதா என்பதே பார்க்க வேண்டியது. மாணவரைச் சோதிக்கவும் இதே கொள்கை பொருந்தும்: ஒரு மாணவர் பட்டியலில் உள்ள சொற்களை வரிசை மாற்றி ஒலிக்க, அவர் முகத்தையும் பட்டியலையும் பாராத மற்றொரு மாணவர் கேட்டதற்குரிய படத்தைத் தொட வேண்டும், இருவருக்கும் சேர்த்தே மதிப்பெண்.